ஸ்பாட், கிளஸ்டர்: துப்பும் துப்பஞ்சலும்

நண்பர்களுக்கு வணக்கம்.

பொழுதுபோக்காக வானொலி நிலையம் வைத்து ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் அமெச்சூர் வானொலியில், 'இன்ன நிலையம் இன்ன இடத்தில் கேட்கிறது' என்று மற்றவர்களுக்குச் சொல்லும் அறிவிப்புக்கு 'ஸ்பாட்' என்று பெயர். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் இதுவரை புள்ளி, காண்பு, கண்டறிவிப்பு என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. புள்ளிக்கு மோர்ஸ் தந்திக் குறியீட்டில் ஏற்கெனவே வேலை இருக்கிறது. மற்ற இரண்டிலும் கண் இருக்கிறது, காது இல்லை. சிற்றலையில் யாரும் யாரையும் பார்ப்பதில்லையே!

நடப்பது இதுதான். எங்கோ ஒரு தீவிலிருந்து வரும் மெல்லிய சைகை ஒருவர் காதில் விழுகிறது. உடனே அவர் ஒற்றை வரி ஒன்றைத் தட்டுகிறார். அதில் தம் அழைப்புக்குறி (நிலையத்தின் பெயராக வழங்கும் எழுத்தும் எண்ணும்), கிலோஹெர்ட்ஸில் 14025.0 என்பதுபோல் அதிர்வெண், கேட்ட நிலையத்தின் அழைப்புக்குறி, வேண்டுமானால் ஓரிரு சொல்லில் ஒரு குறிப்பு. நேரமும் சேர்ந்து பதிவாகிறது. அது உலகப் பொது நேரம் (யு.டி.சி.); நமக்குக் காலை 6.42 என்றால் அதில் 0112. சில நொடிகளில் அந்த வரி உலகெங்கும் திரைகளில் விழுகிறது.

இதற்கு என் சொல் 'துப்பு'.

> துப்பு என்றால் போலீஸ் வாடை அடிக்கிறதே?

அடிக்கட்டும். ஒளிந்திருப்பதைத் தேடுகிறவர்களுக்கு ஒருவன் சொல்லிவிடும் சேதிதானே துப்பு? இதற்குப் புதிதாக வினை தேட வேண்டியதும் இல்லை. துப்புக் கொடுக்கலாம், துப்புக் கிடைக்கும், தொடர்பு உறுதியானால் துப்புத் துலங்கும். தன் நிலையத்தைத் தானே அறிவித்துக்கொள்வது 'தன்துப்பு'. அதைத் தடைசெய்யும் வானொலிப் போட்டிகளும் உண்டு. தவறாகக் கேட்டு அனுப்பியது 'பிழைத்துப்பு'. மோர்ஸில் மூன்று புள்ளி எஸ், நான்கு புள்ளி எச். 4எஸ் என்று தொடங்கும் இலங்கை நிலையத்தில் ஒரு புள்ளி கூடுதலாகக் கேட்டுவிட்டால் 4எச் ஆகி, பிலிப்பைன்ஸுக்குப் போய்விடுகிறது. அதை நம்பி அழைத்து ஏமாந்தவர்கள் துப்புக் கொடுத்தவரை என்ன சொல்லித் திட்டுவார்கள் என்பதற்கும் தமிழில் சொல் தயாராக இருக்கிறது.

2004 டிசம்பரில் அந்தமானிலிருந்து இந்திய அமெச்சூர் வானொலியாளர் பாரதி பிரசாத் குழுவினர் ஒலித்த நாட்கள் நினைவுக்கு வருகின்றன. வி.யு.4 ஆர்.பி.ஐ. என்ற அழைப்புக்குறி திரையில் விழுந்த மறுகணம் அந்த அதிர்வெண்ணைச் சுற்றி, அவர்களை அழைப்பவர்களின் சந்தை இரைச்சல். ஒரு வரித் துப்புக்கு அவ்வளவு வலு. அதே மாதம் 26ஆம் தேதி சுனாமி வந்தது. அந்தக் குழு அவசரச் செய்தித் தொடர்புக்கு மாறியது.

அடுத்து, இந்தத் துப்புகளை எல்லாருக்கும் கொண்டுசேர்க்கும் வலையமைப்பான 'கிளஸ்டர்'. இலங்கை நண்பர் சொன்ன 'கொத்தணி' கணினித் துறைக்கு நல்ல சொல். இங்கே அது பொருந்தாது என்பது என் எண்ணம். 1980களின் பிற்பகுதியில் டிக் நியூவெல் எழுதிய பாக்கெட்கிளஸ்டர் மென்பொருள், இணையம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே வானொலி வழியாகவே இந்த வரிகளைக் கணுவுக்குக் கணு (ஒரு கணினி நிலையத்திலிருந்து அடுத்ததற்கு) கடத்தியது. இன்று டெல்நெட் என்ற இணைய வசதி வழியாக இணைகிறோம், கைமாற்றுவது மட்டும் மாறவில்லை. ஆக, சொல்லில் தெரிய வேண்டியது கொத்தாக இருப்பதன்று, கைமாற்றுவது. ஒரு நிலையத்தின் ஒலிபரப்பை இன்னொரு நிலையம் வாங்கி ஒலிபரப்புவதற்கு வானொலித் தமிழிலேயே ஒரு சொல் பழகியிருக்கிறது: அஞ்சல். 'டெல்லி அஞ்சல்' கேட்டு வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எனவே 'துப்பஞ்சல்'.

> தபால் என்று நினைத்துக்கொள்ள மாட்டார்களா?

தனியாக நின்றால் நினைப்பார்கள். துப்போடு ஒட்டியபின் அந்தக் குழப்பம் வராது.

எனக்கு வழி தெரியாத இடம் ரிவர்ஸ் பீக்கன். 2008இல் தொடங்கிய இந்த வலையமைப்பில் மனிதக் காதுக்கு வேலையில்லை. மென்பொருளே அலைவரிசை முழுவதையும் ஒரே நேரத்தில் கேட்டு, மோர்ஸைப் பிரித்து, அனுப்பியவரின் வேகத்தையும் சைகையின் வலுவையும் சேர்த்துத் துப்புக் கொடுத்துவிடுகிறது. 'எந்திரத் துப்பு' என்றால் வெளிவருவதைச் சொல்லிவிடலாம், அமைப்பின் பெயர் நிற்கிறது. 'எதிர்க்கலங்கரை' என்று ஒருவர் எழுதியிருந்தார். கலங்கரையில் விளக்கு ஒன்று, பார்ப்பவர் பலர். இங்கே அனுப்புவது நாம், கேட்பவை பல. அந்தத் தலைகீழ் உறவை 'எதிர்' தாங்குமா? கடலோரத்துக்காரர்கள் யாராவது சொல்லுங்கள்.