கபில் ராஜ் சொல்றதுக்கு மலாயாவுல உதாரணம் இருக்கா?

செந்தூல்வாசி:
வணக்கம். மாஸ்டர்ஸுக்காக அறிவியல் வரலாற்று ஆய்வாளர் கபில் ராஜோட 'ரீலொகேட்டிங் மாடர்ன் சயின்ஸ்' (2007) படிக்கிறேன். அறிவியல் ஐரோப்பாவுல முழுசா உருவாகி அப்பறமா காலனிகளுக்கு வந்து எறங்கல, சர்வேயர், வியாபாரி, உள்ளூர் ஆளுங்கன்னு பல பேர் கைமாறி கைமாறித்தான் உருவாச்சுங்கறார். ஆனா அவர் பேசறது பெரும்பாலும் இந்தியா பத்தி. மலாயாவுல, நம்மாளுங்க சம்பந்தப்பட்டதா ஏதாச்சும் இருக்கா? ரப்பர் விதை, அத இங்க பரப்புன தாவரவியலாளர் ரிட்லி கதை வேணாம்.

பிறை_அண்ணன்:
புழுங்கல் அரிசிய எடுங்க தம்பி. 1900 வாக்குல ஈயச் சுரங்கத்து சீனவங்க பெரிபெரிங்கற நோயில கால் வீங்கி கொத்துக்கொத்தா செத்தாங்க, தோட்டத்துத் தமிழங்களுக்கு அது அவ்வளவா வரல. நெகிரி செம்பிலான்ல டாக்டரா இருந்த பிராடன் இத கவனிச்சி, விஷயம் சோத்துலன்னார். அவங்க சாப்பிட்டது தீட்டுன பச்சரிசி, நம்மாளுங்க புழுங்கல். நெல்ல உமியோட அவிக்கறப்ப பெரிபெரிய தடுக்கற வைட்டமின் பி1 சத்து உள்ள எறங்கிடும், அப்பறம் தீட்டினாலும் முழுசா போகாது. பிராடன் அரிசியில ஏதோ விஷம்னு நெனச்சார், ஆனா கோலாலம்பூர் ஐ.எம்.ஆர்.ல (மருத்துவ ஆராய்ச்சி நிலையம்) இருந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் 1907ல இருந்து சுமார் 300 ஜாவா தொழிலாளிங்கள வச்சி ஆராய்ஞ்சி, தீட்டறப்ப போற சத்துதான் காரணம்னு காட்டினாங்க. நம்ம ஊரு அடுப்படியில இருந்த அறிவு இல்லாம இது நடந்திருக்குமா?

கிள்ளான்_வாசகி:
அண்ணே, உதாரணம் அருமை, ஆனா அறிவுப் பரிமாற்றம்னு சொன்னா ஏதோ சமமா உக்காந்து பேசிக்கிட்ட மாதிரி ஆயிடுது, அதுதான் எனக்கு ஒத்துக்கல. 1905 டிசம்பர்ல கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில டாக்டர் ஃபிளெட்சர் என்ன செஞ்சார்? நோயாளிங்கள சாப்பாட்டுக் கொட்டகையில வரிசையா நிக்க வச்சி எண்ண சொல்லி, ஒத்தப்படை நம்பருக்கு சயாம் பச்சரிசி, ரெட்டப்படைக்கு இந்தியப் புழுங்கல். பச்சரிசி பக்கம் 18 பேர் செத்தாங்க. யாரு அவங்ககிட்ட சம்மதம் கேட்டா? நெல் அவிச்ச பொம்பளைங்க பேரும் எங்கயும் கெடையாது, டாக்டருங்க பேரு மட்டும் நிக்குது.

பிறை_அண்ணன்:
நியாயமான கேள்விம்மா. ராஜும் எல்லாரும் சமம்னு சொல்லல, பேரம் நடந்துச்சு, அதுல ஒருத்தன் கை ஓங்கியிருந்துச்சுன்னுதான் சொல்றார். ஆனா பேரம் பேசவே எடமில்லாதவங்கள அந்தக் கணக்குல எங்க சேர்க்கறதுன்னு நீங்க கேக்கறீங்க பாருங்க, தம்பி, உங்க தீசிஸ் அங்கதான் இருக்கு. ஃபிளெட்சர் கட்டுரை 1907ல லான்செட் மருத்துவ இதழ்ல வந்துச்சு, மொதல்ல அத படிங்க, அப்பறம் மலேசிய தேசிய ஆவணக் காப்பகத்துல சிலாங்கூர் செக்ரட்டேரியட் ஃபைல்கள்ல ஜெயில், ஆஸ்பத்திரி அரிசி வாங்குன கணக்கு இருக்கான்னு தேடுங்க.