ஸ்பேஷியஸ் என்றால் எவ்வளவு இடம்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மடிப்பாக்கம்வாசி:

போன மாதம் வாடகை வீடு தேடி அலைந்தேன். புரோக்கர் போனில் சொன்ன முதல் வார்த்தையே "ஸ்பேஷியஸ் டூ பெட்ரூம் சார்" என்பதுதான். போய்ப் பார்த்தால், ஹாலில் நான், மனைவி, புரோக்கர், ஓனர் நாலு பேரும் நின்றதும் கடைசியாகப் படியேறி வந்த என் மாமியார் வாசலிலேயே நின்றுவிட்டார். சின்ன பெட்ரூம் எட்டுக்கு ஒன்பது. அஞ்சடிக் கட்டில் போட்டால் பீரோ கதவு பாதிதான் திறக்கும்.

"எங்க சார் ஸ்பேஷியஸ்?" என்றேன்.

"இப்ப எவ்ளோ ஃப்ரீயா இருக்கு பாருங்க" என்றார் புரோக்கர்.

காலி வீடு ஃப்ரீயாக இல்லாமல் என்ன செய்யும்! வீட்டுக்கு வந்த பிறகு யோசித்தேன். நம் ஊரில் காலியாக இருப்பதும் விசாலமாக இருப்பதும் ஒன்றாகிவிட்டன. ஸ்பேஷியஸ் என்றால் தாராளமாக இடம் உள்ளது என்றுதான் பொருள். சாமான் இறக்கி, நாலு பேர் நடமாடிய பிறகும் கை காலை நீட்ட இடம் மிச்சமிருக்க வேண்டும். காலியாகக் கிடக்கிற ஸ்டோர் ரூமை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

ஓனர் சொன்ன 850 சதுர அடியிலும் சங்கதி இருக்கிறது. மாடிப்படி, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் அவர் பங்கைச் சேர்த்த சூப்பர் பில்டப் கணக்கு அது. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கார்ப்பெட் ஏரியா எது என்று தெளிவாகச் சொல்கிறது. வெளிச்சுவரும் பால்கனியும் சேராது, உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர் சேரும், மற்றபடி நாம் புழங்குகிற தரை. ஆனால் அது புது ப்ராஜெக்ட் விற்பவர்களுக்கு. வாடகைக்கு விடுகிறவரை யார் கேட்பது?

உங்களுக்கும் இந்த வார்த்தையோடு ஏதாவது நடந்திருக்கும். எழுதுங்கள்.

பெரம்பூர்க்காரன்:

ஸ்பேஷியஸை விடுங்கள், அந்த "ஃப்ரீயா"தான் என்னைக் கவிழ்த்தது. நான் ரெடிமேட் ஏற்றுமதியில் வேலை பார்த்தவன். ஒரு சாம்பிள் சட்டையில் கை கொஞ்சம் அகலம். நாம் பேசுகிற மாதிரியே "ஸ்லீவ் ஃப்ரீயாக இருக்கிறது" என்று வெளிநாட்டு பையருக்கு ஆங்கிலத்தில் மெயில் போட்டுவிட்டேன். "மிக்க மகிழ்ச்சி, அப்படியானால் சட்டையின் உடம்புக்கு மட்டும் பில் போடுவீர்களா?" என்று பதில் வந்தது.

லூஸ் என்று எழுதியிருக்கலாம். ஆனால் நம் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் இருப்பதால் கை வரவில்லை. சரி, கௌரவமாக இருக்கட்டும் என்று அடுத்த மெயிலில் ஸ்பேஷியஸ் என்று திருத்தினேன். மேனேஜர் கூப்பிட்டு, "ஏம்ப்பா, கைக்குள்ள குடித்தனம் வைக்கப் போறியா?" என்றார். சட்டை, ஷூ, கார் சீட் இதற்கெல்லாம் ரூமி என்று ஒரு வார்த்தை இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. 2021-இல் சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் என்றான பிறகு எங்கள் வீட்டிலேயே குழப்பம். தூரத்தில் 29சி வந்தது. மனைவி "ஃப்ரீயாங்க?" என்றாள். "எங்க, படி வரைக்கும் கூட்டம்" என்றேன். அவள் கேட்டது டிக்கெட்டை. வந்தது சாதாரண பஸ்தான். நான் சொன்னதைக் கேட்டு அதை விட்டுவிட்டு, அடுத்து வந்த டீலக்ஸில் காசு கொடுத்துப் போனோம். அதைப் பற்றி மேலும் எழுத எனக்கு அனுமதி இல்லை.

ஓய்வுபெற்ற டீச்சர், அண்ணா நகர்:

முப்பது வருஷம் ஆங்கிலம் நடத்தியவள் என்ற முறையில் கொஞ்சம் மூக்கை நுழைக்கிறேன். வீடு, கூடம், தோட்டம் என்று நாம் உள்ளே போய் நிற்கிற இடத்துக்கு ஸ்பேஷியஸ் கச்சிதமாகப் பொருந்தும். எதையாவது தனக்குள் கொள்கிற பொருளுக்கு கெப்பேஷியஸ் என்று இன்னொரு சொல் உண்டு. பை, பாக்கெட், ஞாபக சக்திக்குக்கூட அதைச் சொல்வார்கள். தமிழில் "இந்த அண்டா பத்துப் படி கொள்ளும்" என்கிறோமே, அந்தக் கொள்ளும்தான் அது. கூடத்தை விசாலம் என்போம், அண்டாவை விசாலம் என்போமா?

ஆனால் தமிழில் விசாலம் மனசுக்கும் போகும். என் வகுப்புப் பையன் ஒருவன் "என் தாத்தாவுக்கு ஸ்பேஷியஸ் ஹார்ட்" என்று கட்டுரையில் எழுதியிருந்தான். சிவப்பு மையில் வட்டம் போட்டு, "டாக்டரிடம் காட்டவும்" என்று ஓரத்தில் கிண்டலாக எழுதிவிட்டேன். மறுநாள் அவன் நோட்டைக் கொண்டுவந்து, "தாத்தா போன வருஷமே செத்துட்டாரு மிஸ்" என்றான். அந்த வட்டத்தை நான் போட்டிருக்க வேண்டாம். லார்ஜ் என்று மட்டும் மேலே எழுதியிருந்தால் போதும்.

மாம்பலம் மாமி:

எங்கள் தெருவில் ஒரு டு-லெட் போர்டு ஆறு மாசமாகத் தொங்குகிறது. ஸ்பேஷியஸில் மூன்றாவது எழுத்து ஏ வர வேண்டிய இடத்தில் ஈ போட்டிருக்கிறார்கள். அப்படி எழுதினால் அது ஸ்பீஷஸ். பார்வைக்குச் சரியாகத் தெரியும், உள்ளே சரக்கு இருக்காது என்று அர்த்தமாம். என் பேத்தி சொன்னாள். வீட்டை நானும் ஒரு நாள் எட்டிப் பார்த்தேன். போர்டில் பிழை ஒன்றும் இல்லை.

மடிப்பாக்கம்வாசி:

மாமி, அந்தத் தெரு எது என்று மட்டும் சொல்லிவிடுங்கள், தப்பித்துக்கொள்கிறேன்!

இன்று காலை புரோக்கர் மறுபடி கூப்பிட்டார். "சார், இன்னொண்ணு வந்திருக்கு, காம்பாக்ட்டா அழகா இருக்கும்" என்கிறார். அவரே காம்பாக்ட் என்று சொல்லும் வீட்டை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன். இஞ்ச் டேப் எடுத்து வைத்துவிட்டேன். மாமியாரும் வருகிறார்.