கடலோரத்தில் மூன்று இரவுகள்: கிரேட் ஓஷன் ரோடு அனுபவம்

போன நவம்பரில் நானும் என் கணவரும் ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோடு என்ற கடலோரச் சாலையில் டென்ட் போட்டுத் தங்கி மூன்று இரவுகள் இருந்துவிட்டு வந்தோம். மெல்பர்னுக்குக் குடிவந்து ஆறு வருடமாகிறது. இதற்கு முன்பும் இரண்டு முறை அந்தச் சாலையில் போனோம், இரண்டும் ஊரிலிருந்து வந்த உறவுக்காரர்களுக்குச் சுற்றிக்காட்ட. விடியற்காலையில் கிளம்பி, கடலுக்குள் நிற்கும் அந்தப் பன்னிரண்டு அப்போஸ்தலர் பாறைகளைப் பார்த்துவிட்டு, இரவு பதினோரு மணிக்கு வீடு. அதையெல்லாம் பார்த்த கணக்கில் சேர்க்க இப்போது மனம் வரவில்லை.

டார்க்கியில் தொடங்கும் சாலை மொத்தம் 243 கிலோமீட்டர். ஈஸ்டர்ன் வியூவில் சாலைக்குக் குறுக்கே ஒரு மர வளைவு இருக்கிறது. முன்பு அதன் கீழே படம் எடுத்ததோடு சரி. இந்த முறை வண்டியை ஓரமாக நிறுத்தி, அங்கே எழுதியிருப்பதை நின்று படித்தோம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் 3,000 வீரர்கள், போரில் இறந்த தங்கள் தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை இந்தச் சாலையைப் போட்டிருக்கிறார்கள். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. கடப்பாரையும் மண்வெட்டியும் வைத்துக்கொண்டு பாறையை வெட்டியிருக்கிறார்கள். வேலை நடந்த காலமெல்லாம் அவர்களும் இந்தக் கரையில் கூடாரத்தில்தான் தங்கினார்களாம். "நம்ம டென்ட் பரவாயில்லை, காற்று அடித்து ஊதினால் மெத்தை" என்றார் இவர். அதன் பிறகு லார்ன் என்ற ஊரைத் தாண்டி ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் அந்தக் கைகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

முதல் இரவு கேப் ஆட்வே கலங்கரை விளக்கத்துக்குப் போகும் வழியில், மரங்களுக்கு நடுவே ஒரு முகாமில். கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கே படுத்துவிட்டோம். நள்ளிரவு தாண்டியிருக்கும். தலைக்கு மேலே ஒரு சத்தம். குறட்டையும் உறுமலும் கலந்து, பெரிய பன்றி ஒன்று மூச்சை இழுத்து இழுத்து விடுவதுபோல. ஒன்று நின்றால் தூரத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கிறது. எனக்குக் கைகால் ஜில்லிட்டுவிட்டது. இவர் காருக்கு ஓடிவிடலாம் என்றார். ஜிப்பைத் திறக்க இரண்டு பேருக்கும் தைரியம் இல்லை.

நாங்கள் குசுகுசுவென்று பேசியது கேட்டிருக்க வேண்டும். பக்கத்துக் கேரவனிலிருந்து ஒரு பாட்டி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், டார்ச்சோடு வந்து டென்டுக்கு வெளியே நின்று, "பயப்படாதே கண்ணு, அது கோலா" என்கிற மாதிரி அவ்வளவு கனிவாக ஆங்கிலத்தில் சொன்னார். வெளியே வந்து அண்ணாந்து பார்த்தால், சின்னக் கரடிபோல இருக்கும், மரத்திலேயே வாழ்ந்து இலை தின்னும் அந்த விலங்கு, பஞ்சு மூட்டைபோல ஓர் ஆண் கோலா, கிளையில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்து உறுமிக்கொண்டிருக்கிறது. இணை தேடும் பருவமாம். இவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அந்த அடிக்குரல் எப்படி வருகிறது என்று வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். வழக்கமான குரல்நாண் போக, குரல்வளைக்கு வெளியே இன்னொரு ஜோடி தசைமடிப்பு கோலாவுக்கு இருப்பதை 2013-இல்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

காலையில் அந்தப் பாட்டியும் அவர் கணவரும் எங்களுக்கு டீ கொடுத்தார்கள். வீட்டைப் பூட்டிவிட்டுக் கேரவனிலேயே ஊர் ஊராகப் போகிறவர்கள். இலையே இல்லாமல் மொட்டையாக நின்ற சில மரங்களைத் தாத்தா காட்டினார். அவை மன்னா கம் என்ற யூகலிப்டஸ் வகை மரங்கள். கோலாக்கள் பெருகிப் பெருகி, துளிர்ப்பதைவிட வேகமாகத் தின்று தீர்த்ததில் பட்டுப்போனவை. மரம் போனால் கோலாவுக்கும் பட்டினிதான். அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது.

இரண்டாவது இரவு ஜொஹானா கடற்கரை. மணல்மேட்டுக்குப் பின்னால் முகாம், அந்தப் பக்கம் கடல் இரைச்சல். இழுப்பு அதிகம், அங்கே குளிக்க இறங்காதீர்கள். இரவு ஒரு மணிக்குக் காற்று எழுந்து டென்ட் கம்பி ஒன்று மடங்கி, துணி முகத்தில் வந்து படுத்தது. சர்ஃபிங் பலகையோடு வந்திருந்த ஒரு பையன் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து கயிறுகளை இழுத்துக் கட்டிப் பார்த்தான். நிற்கவில்லை. கடைசியில் காரிலேயே படுத்தோம். காலையில் அவனுக்கு ஃபில்டர் காபி போட்டுக் கொடுத்தேன், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான்.

மூன்றாம் நாள் மதியம் லாக் ஆர்ட் கார்ஜ் என்ற கடலோரப் பாறைப் பிளவு. 1878 ஜூன் 1 அன்று இங்கிலாந்திலிருந்து வந்த லாக் ஆர்ட் கப்பல் அங்கே பாறையில் மோதியது. ஏறக்குறைய மூன்று மாதப் பயணம் முடிந்து மெல்பர்ன் நெருங்கிவிட்ட நேரம். 54 பேரில் பிழைத்தது இரண்டே பேர். டாம் பியர்ஸ் என்ற பயிற்சி மாலுமியும், பெற்றோர், உடன்பிறந்தவர்களோடு குடியேற வந்த ஈவா கார்மைக்கேல் என்ற அயர்லாந்துப் பெண்ணும். கரை சேர்ந்த டாம், அவள் கூக்குரல் கேட்டு மறுபடி நீந்திப் போய் இழுத்து வந்திருக்கிறான். இருவருக்கும் கல்யாணம் நடக்கும் என்று ஊரே எதிர்பார்த்தது. அவள் சில மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டாள். எனக்கு அதில் வருத்தமில்லை. கூட வந்த குடும்பத்தையே விழுங்கிய கடலைத் தினம் பார்த்துக்கொண்டு அவள் எப்படி இங்கே இருந்திருப்பாள்?

சாயங்காலம் அப்போஸ்தலர் பாறைகள். பன்னிரண்டு எப்போதுமே இருந்ததில்லை. சுண்ணாம்புக்கல் என்பதால் அலை அரித்துக்கொண்டே இருக்கிறது. 2005 ஜூலையில் ஒன்று சரிந்து விழுந்தது, இப்போது எட்டு. பஸ்கள் எல்லாம் கிளம்பிப் போனபின் நாங்களும் இன்னும் நாலைந்து பேரும் மட்டும் நின்றிருந்தோம். இருட்டும் நேரத்தில் கீழே மணலில் கறுப்புப் புள்ளிகள் கூட்டமாக நகர்ந்தன. பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டுக் கூட்டுக்குத் திரும்பும் பெங்குவின்கள், உருவத்தில் சின்ன வகை. இந்த இடத்துக்கு மூன்றாவது முறையாக வருகிறேன், இவை இருப்பதே எனக்குத் தெரியாது. இதற்காகவாவது ஓர் இரவு தங்குங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். முகாமை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், சாலையோரத்தில் காரை நிறுத்தித் தூங்க அனுமதி இல்லை.

அன்று இரவு போர்ட் கேம்ப்பெல்லில் தங்கிவிட்டு, மறுநாள் வார்னம்பூல் போனோம். அங்கே ஃப்ளாக்ஸ்டாஃப் ஹில் அருங்காட்சியகத்தில் ஒரு பீங்கான் மயில் இருக்கிறது. கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரம். மெல்பர்னில் 1880-இல் நடக்கவிருந்த கண்காட்சிக்காக லாக் ஆர்ட் கப்பலில் வந்த சரக்கு அது. பெட்டியோடு கரை ஒதுங்கி, ஏறக்குறைய சேதமே இல்லாமல் மீண்டிருக்கிறது. ஊரில் கோயில் மதில்மேல் எத்தனையோ மயில் பார்த்து வளர்ந்தவள் நான். இந்த மயில் முன்னால் நின்றபோது கப்பலில் இறந்த அந்த 52 பேரும் மனதில் வந்துவிட்டார்கள். இவர் ஒன்றும் பேசாமல் என் தோளில் கை வைத்துக்கொண்டார்.

அங்கேயே லோகன்ஸ் பீச்சில் ஜூன் முதல் செப்டம்பர் வரை திமிங்கலங்கள் குட்டி போட வருமாம். ஜூலைக்கு லீவு சொல்லிவிட்டோம். டென்டுக்குப் புதுக் கம்பியும் வாங்கியாயிற்று.