புதுப்பிப்பு: புட்டியை மறுத்த குழந்தை பாலாடையில் குடிக்கிறாள்

நான்கு மாதப் பேறுகால விடுப்பு முடிந்து டர்பனில் வேலைக்குத் திரும்பியபோது, எடுத்து வைத்த தாய்ப்பாலைப் புட்டியில் கொடுத்தால் மகள் வாயை இறுக மூடிக்கொள்கிறாள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

புட்டிக் காம்பை மாற்றியதில் பயனில்லை. கைகொடுத்தது, பதிலளித்தவர்களில் ஒருவரான டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதி அக்கா சொன்ன பாலாடைதான் (குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம்): அத்தை அவளை மடியில் நிமிர்த்தி வைத்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் தொடவைத்தால், ஊற்றாமலேயே அவளாக உறிஞ்சிக் குடிக்கிறாள்.

குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை பால் கொடுக்கவோ எடுக்கவோ தாய்க்கு நாளுக்கு இருமுறை அரைமணி நேர இடைவேளை தரவேண்டும் என்னும் தென்னாப்பிரிக்க நடைமுறை நெறியைக் காட்டியதும், அலுவலகத்தில் பால் எடுக்க ஓர் அறை கிடைத்தது.

எதிர்பாராதது ஒன்று: பகலில் குறைவாகக் குடித்துவிட்டு, இரவில் அடிக்கடி எழுந்து தாய்ப்பால் கேட்கிறாள். எடை சீராக ஏறுவதால் கவலை வேண்டாம் என்று கிளினிக் தாதி சொன்னார்.