பாஸ்பரஸ் உருகுநிலை 44-ஆ, 590-ஆ?

மலர்: செய்முறைக் குறிப்பேட்டுக்காகத் தேடினேன். ஒரு தளத்தில் 44 டிகிரி செல்சியஸ், இன்னொன்றில் 590. நாளை காலை கொடுக்க வேண்டும், எதை நம்புவது?

கதிர்: இரண்டுமே சரிதான். 44 வெள்ளை பாஸ்பரஸுக்கு. 590-ஐ ஒட்டி வருவது சிவப்புக்கு, அதுவும் உயர் அழுத்தத்தில்தான், சாதாரண அழுத்தத்தில் சூடாக்கினால் அது உருகாமல் நேரே ஆவியாகிவிடும். எந்த வகை, என்ன அழுத்தம் என்று சொல்லாமல் வெறும் எண்ணைப் போடும் பக்கத்தை நான் உடனே மூடிவிடுவேன்.

தேன்மொழி: அமெரிக்க அரசின் அளவீட்டுத் தர நிறுவனமான நிஸ்ட் (NIST) நடத்தும் வெப்புக் (WebBook) தளத்தையும் பாருங்கள் மலர், உருகுநிலை போன்ற அளவுகளுக்குப் பக்கத்திலேயே எந்த ஆய்விலிருந்து எடுத்தது என்று ஆண்டோடு போட்டிருப்பார்கள். அப்புறம், பத்து தளங்களில் ஒரே எண் இருந்தால் பத்து சாட்சி என்று நினைக்காதீர்கள், பெரும்பாலும் ஒன்றைப் பார்த்து மற்றது எழுதியதுதான்.

மலர்: 590 போட்ட பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ‘சிவப்பு’ என்று இருக்கிறது! ரொம்ப நன்றி.