கார்த்திகைப் பொரி உருண்டை: பாகு பதம் பார்க்கத் தெர்மாமீட்டர் வேண்டுமா?

ஓசூர் மருமகள்:
தீபத்துக்கு இந்த வருஷம் பொரி உருண்டையும் கடலை உருண்டையும் வீட்டிலேயே பிடிக்கலாம் என்று இருக்கிறேன். காரிமங்கலத்துப் பாட்டி எதையும் அளந்து நான் பார்த்ததில்லை. பாகை எந்தப் பதத்தில் இறக்குவது? இரண்டுக்கும் ஒரே பாகு போதுமா?

கிருஷ்ணகிரி தம்பி:
தெர்மாமீட்டர் இருந்தால் நல்லதுதான் அக்கா. உருண்டைக்கு 125 டிகிரி செல்சியஸ் பக்கம். தட்டில் ஊற்றி வில்லை போடுகிற கடலை மிட்டாய்க்கு 150. முனை பாத்திரத்தின் அடியில் படாமல் பிடியுங்கள்.

பாலக்கோட்டு அத்தை:
தம்பி கணக்கு சரிதான். ஆனால் வெல்லத்துக்கு வெல்லம் பாகு மாறும் கண்ணு, அதனால் எனக்கு ஒரு கிண்ணம் தண்ணீர்தான் நம்பிக்கை.

முதலில் வெல்லத்தைப் பார். வெளிர் மஞ்சளாகப் பளிச்சென்று இருப்பது பெரும்பாலும் ஹைட்ரோஸ் போட்டு வெளுத்தது, அது வேண்டாம். கருத்த வெல்லமாக, உடைத்தால் உள்ளே மணல் மணலாக இருக்க வேண்டும். கையில் பிசுபிசுத்தால் வைத்துவிட்டு வா. ஈரம் கோத்த பழைய வெல்லத்தை எவ்வளவு காய்ச்சினாலும் உருண்டை இளகும். சந்தையில் ‘பாகு வெல்லம்’ என்று கேட்டாலே எடுத்துத் தருவார்கள்.

ஒரு கப் வெல்லத்துக்குக் கால் கப் தண்ணீர். கரைந்ததும் வடிகட்டு, மண் இருக்கும். அடிகனமான பாத்திரம், மிதமான தீ. முதலில் நுரைத்துப் பொங்கும். அப்புறம் நுரை அடங்கி, குமிழ் சிறுத்து, பாகு பளபளக்கும். அதிலிருந்து அடுப்பை விட்டு நகராதே. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார். மெத்தென்று உருண்டால் அதிரசப் பதம், அதில் கொட்டினால் பொரி நமுத்துப்போகும். உருட்டித் தட்டில் போட்டால் டங்கென்று கேட்க வேண்டும், அதுதான் பதம். உடனே அணைத்து ஏலக்காய், சுக்கு, நெய்யில் வறுத்த தேங்காய்ப் பல், நாலு கப் பொரி எல்லாம் போட்டுக் கிளறு. நெல் பொரி என்றால் முன்னாலேயே முறத்தில் புடைத்துவிடு, உமி வாயில் குத்தும்.

கடலையை உருண்டையாகப் பிடிப்பதானால் இதே பாகுதான், ஒரு கப் வெல்லத்துக்கு வறுத்துத் தோல் நீக்கிய கடலை இரண்டு கப். வில்லை போடுவதானால் தண்ணீரில் விட்ட பாகு மளுக்கென்று ஒடியும்வரை காய வேண்டும்.

ஓசூர் மருமகள்:
ரொம்ப நன்றி அத்தை. பிடித்துக்கொண்டிருக்கும்போதே இறுகிவிட்டால் என்ன செய்வது?

பாலக்கோட்டு அத்தை:
பாத்திரத்தோடு சிறு தீயில் ஒரு நிமிஷம் காட்டு, இளகிவிடும். கையில் அரிசி மாவு தொட்டுக்கொள், சுடாது, ஒட்டாது. துணைக்கு இன்னொருவரை உட்கார வைத்துக்கொண்டால் சூடு இருக்கும்போதே வேலை முடியும். நன்றாக ஆறியதும் எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடிவிடு. கார்த்திகை மாசத்து ஓசூர்ச் சாரலில் தட்டோடு திறந்து வைத்தால் பொழுது விடிவதற்குள் பிசுபிசுத்துவிடும்.