வளவு வீட்டுக் குழு: வில்லின் முதுகுக்கு எந்தத் தோல்?

சனிக்கிழமை

நான், மாலை 6.40
பின்கட்டில் பாம்பு. பக்கத்து வீட்டுக்காரர் கம்பால் அடித்துவிட்டார். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. படம் அனுப்பியிருக்கிறேன், என்ன பாம்பு என்று யாராவது சொல்லுங்கள்.

ஆத்தா, மாலை 6.41
கிட்டே போகாதே. காலில் செருப்பு இருக்கிறதா?

வள்ளி ஆச்சி, மாலை 6.46
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாரை. பெரிய வட்டக் கண், உதட்டுச் செதில்களுக்கு இடையே கறுப்புக் கோடுகள். நஞ்சே கிடையாது. நெல் மூட்டைப் பக்கம் எலி தேடி வந்திருக்கும். மனசு கஷ்டமாக இருக்கிறது, மெய்யப்பா. அடுத்த முறை தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், வந்து உயிரோடு பிடித்துப் போவார்கள்.

சின்னாத்தா, மாலை 6.50
அப்பத்தா பக்கத்தில்தான் இருக்கிறார்கள். சாரை வந்தால் பின்னாலேயே நாகமும் வரும், இரண்டும் ஜோடி என்கிறார்கள். பின்கட்டு விளக்கை அணைக்க வேண்டாமாம்.

வள்ளி ஆச்சி, மாலை 6.53
விளக்கு எரியட்டும், நல்லதுதான். ஆனால் சாரைக்கும் நாகத்துக்கும் இணை கிடையாது என்று அப்பத்தாவிடம் சொல்லுங்கள். வயலில் இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு நிமிர்ந்து ஆடுவதைப் பார்த்து ஜனங்கள் அப்படிச் சொல்கிறார்கள். அது இரண்டு ஆண் சாரைகளின் மல்லுக்கட்டு. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் சொல்கிறேன்.

நான், இரவு 7.05
அழகு அண்ணே, எழுந்துவிட்டீர்களா? ஒரு யோசனை கேட்க வேண்டும். சீமைக் கருவேலத்தில் வில் செதுக்குகிறேன் என்று சொன்னேன் அல்லவா? 64 அங்குலம். நேற்று மெதுவாக வளைத்தபோது வில்லின் மேல் கையில், பிடிக்கு மேலே உள்ள பாதியில், ஒரு சிராய் எழும்பிவிட்டது. நீங்கள் பொங்கலுக்கு அனுப்பிய படத்தில் உங்கள் வில்லின் முதுகில் பாம்புத் தோல் ஒட்டியிருந்தீர்கள். இந்தச் சாரை ஆறடிக்கு மேல் இருக்கும். செத்துத்தான் போய்விட்டது. இதன் தோலை உரித்து ஒட்டினால் வில் உடையாமல் நிற்குமா?

ஆத்தா, இரவு 7.06
உரிக்கப் போகிறாயா? வீட்டுக்குள் கொண்டுவராதே!

அம்மான், இரவு 7.11
மெய்யப்பா, அதைத் தொடாதே. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சாரைக்கும் சேர்த்துத்தான். அடித்தது யாராக இருந்தாலும், தோலை எடுத்து வைத்துக்கொண்டால் குற்றம் உன் பேரில் வரும். வனத்துறை அலுவலகத்துக்கு நானே பேசுகிறேன். அவர்கள் சொல்கிறபடி செய்வோம்.

நான், இரவு 7.12
சரி அம்மான். கூடையைக் கவிழ்த்து மூடி வைத்திருக்கிறேன்.

அழகு அண்ணன், இரவு 7.30
இங்கே டெக்சாஸில் காலை, இப்போதுதான் எழுந்தேன். அம்மான் சொல்வதுதான் சரி. இன்னொன்றும் சொல்கிறேன். சட்டத்தை ஒரு பக்கம் வைத்தாலும், பாம்புத் தோல் உன் வில்லைக் காப்பாற்றாது.

அழகு அண்ணன், இரவு 7.34
வில்லை வளைக்கும்போது எய்பவரைப் பார்க்கும் வயிற்றுப்பக்கம் நெருங்குகிறது, எதிர்ப்புறமான முதுகுப்பக்கம் இழுபடுகிறது. முதுகில் மரநார் ஓரிடத்தில் அறுபட்டிருந்தால் அங்கேதான் சிராய் எழும்பும். பாம்புத் தோல் காகிதம் மாதிரி மெல்லியது. அழகு தரும். அடியில் விலங்கின் தசைநார் ஒட்டியிருந்தால் அதை ஈரத்திலிருந்து காக்கும். இழுவையைத் தாங்குகிற வேலையை அதனிடம் எதிர்பார்க்காதே. என் வில் ஓசேஜ் மரம். பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயரே வில் மரம் என்றுதான். அது தோல் இல்லாமலே நிற்கும்.

நான், இரவு 7.36
அப்படியானால் நீங்கள் ஒட்டியது வெறும் அழகுக்கா?

அழகு அண்ணன், இரவு 7.45
பெரும்பாலும் ஆமாம். அந்த அழகுக்கு நான் செலவழித்தது நான்கு நாள்.
டெக்சாஸில் வைரக்கட்டமுள்ள கிலுகிலுப்பைப் பாம்பின் தோலைக் கடையில் வாங்கலாம். பதப்படுத்திய தோலை வாங்கக்கூடாது. கிளிசரின் ஏற்றிய தோல் வார்ப்பட்டைக்கு நல்லது, அந்தப் பசபசப்பில் கோந்து பிடிக்காது. வயிற்றுப்பக்கம் கீறி, உட்சவ்வை மழுங்கிய கத்தியால் வழித்து, பலகையில் ஊசி குத்தி நிழலில் உலர்த்திய பச்சைத் தோல்தான் வேண்டும். வெயிலில் காய்ந்த தோல் சுருண்டு எண்ணெய் கக்கும்.
ஒட்டுவதற்கு முன் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் துளி விட்டு, உட்புறத்தைக் கட்டைவிரலால் தேய்த்துக் கொழுப்பை எடுத்தேன். நீர் கலங்காமல் வரும்வரை மூன்று முறை மாற்றினேன். ஒரு பாம்பு ஒரு கைக்குத்தான் போதும். அதனால் இரண்டு தோல். தலைப்பக்கம் இரண்டும் பிடியில் சந்திக்க வேண்டும், வால் வில்முனைக்குப் போக வேண்டும். நடுவிலிருந்து வெளியே தடவிக் காற்றை விரட்டி, துணிப்பட்டையால் சுற்றி, அசையாமல் வைத்தேன். உலர்ந்த பின் மேல்செதில் தளர்ந்து நிற்கும். ஒட்டும் நாடாவை அழுத்தி இழுத்தால் செதிலெல்லாம் நாடாவோடு வந்துவிடும், அடியில் கட்டம் கட்டமாக நிறம் பளிச்சென்று தெரியும். அந்த நிமிஷத்தை என்னால் மறக்க முடியாது.

வள்ளி ஆச்சி, இரவு 7.52
கேட்கவே ஆசையாக இருக்கிறது தம்பி. ஆனால் இங்கே அந்த ஆசை எத்தனை உயிரை வாங்கியது என்றும் மெய்யப்பனுக்குத் தெரியட்டும். தோலுக்காகவே சாரையைப் பிடித்துப் பிடித்து வெளிநாட்டுக்கு ஏற்றினார்கள். செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள்தான் பிடித்துக் கொடுத்தார்கள், காசு பார்த்தது இடைத்தரகர்கள். 1970-களில் அந்த வியாபாரம் நின்றதும் அவர்கள் பிழைப்பும் போனது. 1978-இல் கூட்டுறவுச் சங்கம் வைத்து, நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கிலிருந்தும் நஞ்சு எடுத்து விற்கத் தொடங்கினார்கள். மருத்துவமனையில் போடும் பாம்புக்கடி மருந்துக்கு மூலம் அந்த நஞ்சுதான். எடுத்த பிறகு பாம்பைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள்.

அழகு அண்ணன், இரவு 7.58
அந்த இருளர்களில் இரண்டு பேர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், 2017-இல் ஃபுளோரிடாவுக்கு வந்து மலைப்பாம்பு பிடித்துக் கொடுத்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. அங்கே அவர்கள் பிடித்ததெல்லாம் பர்மா மலைப்பாம்பு, அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாதது. நம் வளவில் நிற்கிற தூணெல்லாம் பர்மாத் தேக்கு. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு நம் வீட்டு ஞாபகம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை

அம்மான், காலை 8.20
வனத்துறையினர் வந்து எடுத்துப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடமும் பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.
ராத்திரி முழுக்க இந்தத் தோல் யோசனைதான். மெய்யப்பா, நீ என் கஞ்சிராவைப் பார்த்திருக்கிறாய். புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த வாத்தியம். பலாக்கட்டை வளையத்தில் உடும்புத் தோல் கட்டுவதுதான் வழக்கம். உடும்பும் சட்டத்துக்குள் வந்துவிட்டது. இப்போது ஆட்டுத்தோல் கட்டியதை வாசிக்கிறேன். முதலில் கை பழக ஒரு மாதம் ஆனது. இன்றைக்கு அதே கும்காரம் வருகிறது.
உன் வில்லுக்கும் ஆட்டுத்தோலைப் போடு.

அழகு அண்ணன், காலை 8.34
அம்மான், நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். இந்த மரத்துக்குப் பாம்புத் தோலைவிட ஆட்டுத்தோல் எத்தனையோ மேல். மயிர் நீக்கிய பச்சைத் தோல், முதுகெலும்புப் பக்கத்துத் துண்டு. அங்கேதான் கனம் சீராக இருக்கும். அது உண்மையிலேயே சிராயை அமுக்கிப் பிடிக்கும்.

அம்மான், காலை 8.41
காரைக்குடியில் எனக்குத் தெரிந்த ஒருவர் தவிலுக்குத் தோல் மாற்றுகிறவர். சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கிய துண்டு தருவார். சுண்ணாம்பு போகும்வரை நன்றாக அலச வேண்டும். நாக்கில் காரம் தட்டக்கூடாது என்பார், நான் நக்கிப் பார்த்ததில்லை.
ஒன்று மறக்காதே. கஞ்சிராவின் உட்புறம் நீர் தடவினால் சுருதி இறங்கும், காயக் காய ஏறும். ஈரத்தோல் உலரும்போது சுருங்கி இழுக்கும். வில்லிலும் அப்படித்தான் செய்யும். அதனால் ஒட்டும்போது நீ முரட்டுத்தனமாக இழுக்காதே. தளர்வு இல்லாமல் படிந்தால் போதும், மற்றதைத் தோலே பார்த்துக்கொள்ளும்.

நான், காலை 8.45
கோந்துக்கு ஃபெவிகால் போதுமா?

அப்பச்சி, காலை 8.52
வச்சிரம் காய்ச்சு, விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் தச்சுப் பசை. நம் வீட்டுக் கதவு நிலையெல்லாம் அதில்தான் நிற்கிறது என்று பெரிய ஆசாரி சொல்வார். சட்டிக்குள் சட்டி வைத்து வெந்நீர்ச் சூட்டிலேயே கரைக்க வேண்டும். கொதித்துவிட்டால் பிடிப்பு போய்விடும். குச்சியில் எடுத்தால் தேன் நூலாக இறங்க வேண்டும்.

அழகு அண்ணன், காலை 8.55
அப்பச்சி சொல்லிவிட்டார்கள், நான் வேறு சொல்ல வேண்டியதில்லை. 60 டிகிரிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள். முதலில் சிராய்க்கு அடியில் கோந்து விட்டு நூலால் இறுக்கிக் கட்டி உலர்த்து. பிறகு முதுகை இரம்பத் தகட்டின் பல்லால் நீளவாட்டில் சுரண்டு, சலவைச் சோடாவில் துடை, காயவிடு. மரத்துக்கு நீர்த்த வச்சிரம் ஒரு பூச்சு. அது காய்ந்த பிறகுதான் தோல்.

ஆத்தா, காலை 8.58
வச்சிரச் சட்டி என் சமையலறைப் பக்கம் வரக்கூடாது. பின்கட்டில் பழைய அடுப்பு இருக்கிறது, அதில் வைத்துக்கொள்.

புதன்கிழமை

நான், இரவு 9.15
இன்று ஒட்டிவிட்டேன். தோல் ஊறியதும் கையில் ஈர அப்பளம் மாதிரி வழிந்தது. இரண்டு துண்டும் பிடியில் சந்திக்கின்றன, மேலே நூல் சுற்றப் போகிறேன். கட்டைவிரலால் நடுவிலிருந்து முனைக்குத் தடவியபோது ஓரத்தில் வச்சிரம் முத்து முத்தாக வெளியே வந்தது. துணிப்பட்டை சுற்றி, வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் தூணுக்குத் தூண் கட்டிய கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறேன்.

அழகு அண்ணன், இரவு 9.40
முத்து முத்தாக வந்தால் உள்ளே காற்று இல்லை. நன்றாகச் செய்திருக்கிறாய். நாளை இரவு பட்டையை அவிழ்த்துவிடு. சுற்றிக்கொண்டே இருந்தால் ஈரம் வெளியே போகாது, பூஞ்சை பிடிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை

நான், காலை 10.05
ஓரத்தை அரத்தால் தேய்த்து முடித்தேன். தோல் தேன் நிறத்தில் கண்ணாடி போல இருக்கிறது. அடியில் சிராய் இருந்த இடம் ஒரு கோடாகத் தெரிகிறது. நாண் மாட்டி 10 அங்குலம் இழுத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை.

அம்மான், காலை 10.08
படத்தைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது மெய்யப்பா.

அழகு அண்ணன், காலை 10.12
இன்னும் இழுக்காதே. தோல் மேல் புறங்கையை வைத்துப் பார். மரத்தைவிடக் குளிர்ச்சியாகப் பட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது.

நான், காலை 10.14
வில்லின் இரண்டு கையும் சரியாக இருக்கிறது அண்ணே. பிடிப் பக்கம் மட்டும் குளிர்ச்சி.

அழகு அண்ணன், காலை 10.15
நாணைக் கழற்றிவிடு. வியாழக்கிழமை மறுபடி கை வைத்துப் பார்த்துச் சொல்.